யார் தகவலாளி?

2024 ஆகஸ்ட் 9 அன்று பாரிசின் கான்கார்ட் சதுக்கத்தில் நடந்த ஒலிம்பிக் பிரேக்கிங் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ரேச்சல் கன் மூன்று மோதல்களிலும் ஒரு நடுவரின் வாக்கைக்கூடப் பெறாமல் வெளியேறினார். ஒவ்வொரு மோதலிலும் 18க்குச் சுழி. அவர் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் என்பதும், சிட்னியின் பிரேக்கிங் சூழலைப் பாலின நோக்கில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் என்பதும் விரைவிலேயே உலகறிந்த செய்திகளாயின. ஓசியானியாவின் தகுதிப்போட்டியில் வென்றே அவர் அங்கு வந்தார் என்பது மட்டும் சிரித்தவர்களுக்கு வேண்டாத செய்தியாக இருந்தது. இந்தியக் கல்விப்புலமும் அந்தச் சிரிப்பில் தாராளமாகக் கலந்துகொண்டது. முனைவர் பட்டத்துக்கு ஆடுகளத்தில் என்ன மதிப்பு என்று கேட்டுக் கேலிப்படங்கள் சுற்றின.

அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டவர் எவரும் இலர். ஆடுகளத்தில் பட்டத்துக்கு மதிப்பில்லை என்றால், பட்டம் வழங்கும் இடத்தில் ஆட்டத்துக்கு என்ன மதிப்பு? பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தில்லியிலும் மும்பையிலும் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் பிரேக்கிங்கையும் அதனோடு ஹிப்-ஹாப் என்னும் பண்பாட்டையும் கற்பித்துவரும் ஒரு நடனக் கலைஞர் பல்கலைக்கழக வாயிலில் நின்றால் அவருக்குக் கிடைக்கக்கூடிய பெயர் என்ன? விழாக்காலத்தில் 'நடுவர்'. சமூகப்பணித் துறையின் அறிக்கையில் 'பயிற்சியாளர்'. ஆய்வேட்டில் 'தகவலாளி'. ஆசிரியர் என்ற சொல் மட்டும் அவருக்கென்று எங்கும் செலவிடப்படுவதில்லை. (அந்தப் பாரிஸ் மேடையில் 'இந்தியா' என்ற பெயர் ஒலிக்கத்தான் செய்தது. அது நெதர்லாந்தின் ஆட்டக்காரர் இந்தியா சார்ஜோவின் பெயர். இந்நாட்டிலிருந்து எவரும் அங்குத் தகுதிபெறவில்லை.)

மொழியியலும் மானிடவியலும் கூச்சமின்றிப் புழங்கும் சொற்களுள் தகவலாளி என்பதும் ஒன்று. அதன் உள்ளுறை எளியது: ஒருவரிடம் தகவல் இருக்கிறது, இன்னொருவரிடம் அறிவு இருக்கிறது. முன்னவர் தன்னிடம் இருப்பது என்னவென்று அறியாமலேயே அதை வைத்திருக்கிறார். பின்னவர் வந்து, பதிவுசெய்து, எழுத்துப்பெயர்த்து, அட்டவணையிட்டு, அதற்கு ஒரு கோட்பாட்டுப் பெயரைச் சூட்டும்போதுதான் அது அறிவாகிறது. இந்தப் பாகுபாடு எந்தத் துறையில் ஓரளவு செல்லுபடியாகிறதோ இல்லையோ, ஹிப்-ஹாப் கற்பிக்கும் ஒருவரைப் பொறுத்தவரை அது அப்பட்டமான பொய். காரணம், அவர் செய்யும் வேலையே தகவலை அறிவாக்குவதுதான்.

தோற்றக்கதை பலரும் அறிந்தது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொது அறை. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை கிளைவ் கேம்பெல் (பின்னாளில் டிஜே கூல் ஹெர்க்) அன்று இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அவருக்கு அப்போது வயது 18. பாடல் நின்று தாளம் மட்டும் எஞ்சும் 'பிரேக்' பகுதியை இரண்டு தட்டுகளைக் கொண்டு நீட்டிக்கும் உத்தியை வளர்த்தெடுத்தவர் அவர். அந்த நீட்சிக்குள் இறங்கி ஆடியவர்களே பிரேக்-பாய், பிரேக்-கேர்ள். சுருக்கி பி-பாய், பி-கேர்ள். இக்கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி என்பதும், பள்ளி திறக்கும் பருவத்துக்குப் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதே அதன் நோக்கம் என்பதும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக்கட்டணம். பதின்பருவத்தினர் தமக்குத் தாமே உண்டாக்கிக்கொண்டு, தம்மினும் இளையவர்க்குக் கைமாற்றிய கலை இது. ஆகவே இளையோருக்கு ஹிப்-ஹாப் கற்பிப்பதை அக்கலையின் 'சமூகப் பயன்பாடு' என்று கருத்தரங்கின் கடைசி அமர்வுக்குத் தள்ளுவது அபத்தம். கற்பித்தல் அதன் பிறவிக்குணம்.

வகுப்பு என்று சொல்லப்படுவது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்காதவர்களே அதைப் 'பொழுதுபோக்கு' என்கிறார்கள். முதலில் நின்றாடும் டாப்ராக். அதன்பின் தரையிறங்கும் முறை. இரு கைகளையும் கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றி உடலைச் சுற்றி ஒரு வட்டம் போடும் சிக்ஸ்-ஸ்டெப். முடிவில், தாளம் விழும் கணத்தில் உடலை அந்தரத்தில் நிறுத்தும் ஃப்ரீஸ். இவற்றைச் சேர்த்து 'ஃபவுண்டேஷன்' என்பார்கள். தலையில் சுழல ஆசைப்பட்டு வரும் பன்னிரண்டு வயதுப் பையனை மாதக்கணக்கில் சிக்ஸ்-ஸ்டெப்பிலேயே நிறுத்திவைக்கும் ஆசிரியருக்கு, இலக்கணம் தெரியாமல் யாப்பு உடைக்க வருபவனைக் கண்டிக்கும் பழைய புலவரின் பொறுமையும் பிடிவாதமும் வேண்டியிருக்கின்றன. அடிப்படை கைவந்த பின்னரே அவனுக்குரிய நடையை அவன் தேட வேண்டும். தேடாவிட்டால் வெறும் உடற்பயிற்சியாளன் என்றே கருதப்படுவான். மரபும் தனித்துவமும் ஒன்றையொன்று எப்போது அனுமதிக்கின்றன என்னும் கேள்வியை இலக்கியத் துறைகள் எந்தத் தீவிரத்துடன் எழுப்புகின்றனவோ, அதே தீவிரத்துடன் அந்தத் தரையிலும் எழுப்புகிறார்கள். தவறான விடைக்கு முழங்கை சிராய்க்கும் என்பதுதான் வேறுபாடு.

பிறகு, சைஃபர். எல்லோரும் வட்டமாக நிற்க, ஒருவர் நடுவே வந்து ஆடி விலக, அடுத்தவர் அதற்கு விடையாக ஆடுவது. பெயர்ப்பட்டியல் இல்லை, அழைப்பு மணி இல்லை. எப்போது நுழைவது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது, முந்தையவரின் ஆட்டத்திலிருந்து எதை எடுத்து எதைத் திருப்புவது என்பனவெல்லாம் வாய்ச்சொல் இல்லாமலே முடிவாகின்றன. உரையாடலில் பேச்சுமுறை மாறுவது குறித்து மொழியியல் மாணவர்கள் பருவத் தேர்வுக்குப் படிக்கும் அனைத்தும் அங்கே உடலால் நிகழ்கின்றன. கூச்சம் மிகுந்த ஒரு பிள்ளையை அந்த வட்டத்தின் நடுவே முதன்முறை இறக்கிவிடுவதற்கு ஓர் ஆசிரியர் செய்யும் ஆயத்தங்களை எந்தக் கல்வியியல் பட்டப்படிப்பும் பாடமாக வைத்ததில்லை.

மொழி சார்ந்த ஒரு சிறு கவனிப்பு இங்கே பொருந்தும். ஆங்கிலப் பாடத்தில் தோற்கும் பிள்ளைகள் இந்தக் கலையின் ஆங்கிலக் கலைச்சொற்கள் அனைத்தையும் பிழையறப் புழங்குகிறார்கள். அச்சொற்களை அவர்கள் எழுத்துக்கூட்டிக் கற்கவில்லை. தரையில் விழுந்து கற்றார்கள். அவற்றைத் தம் மொழியின் இலக்கணத்துக்குள் அவர்கள் இறக்கிக்கொள்ளும் விதமும் கூர்மையானது. இந்தியில் குட்டிக்கரணம் போடுவது 'குலாட்டி மார்னா'. தமிழிலும் கரணம் 'அடிக்க'த்தான் செய்கிறோம் என்பது தமிழர் அறிந்தது. இரு மொழியிலும் அடித்தல் என்னும் வினை தன் பொருளை இழந்து, பக்கத்துப் பெயர்ச்சொல்லை வினையாக்கும் வேலையை மேற்கொள்கிறது. 'ஃப்ரீஸ் மாரோ' என்னும் தொடர் அந்த அச்சில் தானாக வந்து அமர்கிறது. கடன்சொல் எவ்வாறு உள்நாட்டுச் சொல்லாகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்றைத் தேடி ஆய்வாளர் எவரும் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இருந்தும் 'இறக்குமதிப் பண்பாடு' என்ற குற்றச்சாட்டை ஆடுகிறவர்கள்மீதே சுமத்துகிறார்கள், ஃபூக்கோவை மேற்கோள் காட்டாமல் ஒரு பத்தியைக் கடக்க இயலாதவர்கள்.

'பைட்' என்றொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. கடித்தல். அடுத்தவர் உருவாக்கிய அசைவைத் தனதென்று காட்டுவது. வட்டத்தில் அதற்குரிய தண்டனை உடனடியானது: கடிபட்டவரோ அவருடைய குழுவினரோ கைகளை வாய்போல் திறந்து மூடிக்காட்டுவார்கள், கூட்டம் சிரிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பல ஆண்டுகள் சுமக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. சைஃபரில் இத்தகைய விழுக்காடு கிடையாது. ஓர் அசைவைக் கற்றுக்கொடுக்கும்போதே இது யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்லிக்கொடுப்பது நல்ல ஆசிரியரின் இலக்கணம். மேற்கோள் நெறியை எழுத்தறிவு முழுமையாக வாய்க்காத சிறார்களுக்கு ஊட்டும் ஒரு முறைமை, மென்பொருளை நம்பி அந்நெறியைக் காக்கும் முறைமையினும் தாழ்ந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இப்போது கடிப்பவர் யார் என்ற கேள்விக்கு வரலாம். தெற்குத் தில்லியில், சாகேத்தின் பேரங்காடிகளுக்கு எதிர்ப்புறம், 14ஆம் நூற்றாண்டுத் துக்ளக் காலப் பள்ளிவாசலைச் சுற்றி நெருக்கியடித்து வளர்ந்த பகுதி கிர்கி. உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் இருந்து வந்தவர்கள், நேபாளிகள், ஆப்கானியர், பல ஆப்பிரிக்க நாட்டினர் அங்கே குடியிருக்கிறார்கள். 2014 ஜனவரியில் தில்லி அரசின் அன்றைய சட்ட அமைச்சரே நள்ளிரவில் ஆட்களுடன் சென்று, அங்கு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்களின் வீட்டை வாரண்ட் இன்றிச் சோதனையிடச் சொல்லிக் காவல்துறையோடு மல்லுக்கு நின்ற இடமும் அதுவே. நியூயார்க்கில் வளர்ந்த இந்திய வம்சாவளி பி-பாய் ஒருவர் 'டைனி டிராப்ஸ்' என்ற பெயரில் கட்டணமின்றிக் கற்பிக்கத் தொடங்கியதும், அவரிடம் கற்றவர்கள் தாமே ஆசிரியர்களாகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்ததும் அங்கேதான். ஊர்க்காரப் பிள்ளைகளும் ஆப்பிரிக்க, நேபாளக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் நின்று ஒருவருக்கொருவர் விடையளித்து ஆடிய தெருக்கள் அவை. அமைச்சருக்குக் கைவராத ஒரு குடிமைப்பாடம் அந்த வட்டத்தில் நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சூழலைப் பற்றி இரண்டு முக்கியமான நூல்கள் வந்துள்ளன. காப்ரியேல் தத்தாத்ரேயனின் நூல் 2020இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்தும், ஜஸ்பால் நவீல் சிங்கின் நூல் 2021இல் பிரிஸ்டலின் மல்டிலிங்குவல் மேட்டர்ஸ் பதிப்பகத்திலிருந்தும் வெளிவந்தன. ஆடுகிறவர்களைச் சிந்திக்கிறவர்களாக மதித்து எழுதப்பட்டவை இரண்டும். ஆனால் இந்நூல்களை இந்தியத் துறைகள் படிக்கும் விதத்தைக் கவனித்தால் மனம் கசக்கிறது. கருத்துகளெல்லாம் நூலாசிரியர்களின் பெயரால் மேற்கோளாகின்றன. அக்கருத்துகளைத் தம் வாயால் சொன்ன ஆட்டக்காரர்கள் 'கள இளைஞர்கள்' ஆகிவிடுகிறார்கள். இவற்றுக்குப் பின்வரும் உள்நாட்டு ஆய்வேடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஆய்வறக் குழுவின் பெயரால் ஆசிரியருக்கு ஒரு புனைபெயர் சூட்டிவிடுகிறார்கள்.

புனைபெயருக்கு நியாயம் உண்டு. சட்டச் சிக்கலோ குடும்பச் சிக்கலோ வரக்கூடிய இடத்தில் பெயரை மறைப்பது பாதுகாப்பு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹிப்-ஹாப்பில் பெயர் என்பது வேறு. பி-பாய் தன் பெயரைத் தானே ஈட்டுகிறார், அல்லது குழு அவருக்குச் சூட்டுகிறது. அந்தப் பெயரோடுதான் அவர் மோதலுக்கு இறங்குகிறார், தோற்கிறார், வெல்கிறார். அது ஏற்கெனவே ஒரு படைப்பாளியின் கையொப்பம். கையொப்பத்தை நீக்கிவிட்டு 'ராகுல் (பெயர் மாற்றப்பட்டுள்ளது)' என்று எழுதுவது எவரையும் காப்பாற்றுவதில்லை. ஓவியத்தின் மூலையில் இருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு அருங்காட்சியகத்தில் மாட்டுவதற்கு ஒப்பானது அது. ஆசிரியரிடம் கேட்டுவிட்டு அவர் விரும்பும் பெயரை எழுதுவதற்கு எந்த ஆய்வறக் குழுவும் தடை சொன்னதில்லை. கேட்பதில்லை, அவ்வளவே.

தாராவியில் 'ஸ்லம்காட்ஸ்' என்ற குழு தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட விதத்தையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். 2008இல் வெளிவந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' அவர்களை நாய் என்றது. அந்த ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகளை வலமிடமாகத் திருப்பி அவர்கள் கடவுள் என்று விடையளித்தார்கள். எழுத்தைப் புரட்டிச் செய்த ஒரு ஃப்ரீஸ் என்றே அதைச் சொல்லலாம். கோட்பாட்டு நூல்கள் மறுபொருளாக்கம் குறித்துப் பல இயல்களில் விளக்குவதை ஒரு பனியன் வாசகத்தில் முடித்தவர்களிடம் 'தகவல்' திரட்டப் போகிறார்கள் ஆய்வாளர்கள்.

மீட்புக்கதை பரப்புவோர் இவர்களைவிடக் குறைவான தீங்கு செய்பவர்கள் அல்லர். நிதியுதவி விண்ணப்பங்களில் ஹிப்-ஹாப் எப்போதும் எவரையோ போதையிலிருந்து, குற்றத்திலிருந்து, தெருவிலிருந்து மீட்டுக்கொண்டே இருக்கிறது. ஆடும் பிள்ளை தன் ஆட்டத்துக்கு முன்பாகத் தன் வறுமையைச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சிப் போட்டிகளும் இதையே கேட்கின்றன. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளை பியானோ கற்றால் அது கலைக்கல்வி. கிர்கியின் பிள்ளை டாப்ராக் கற்றால் அது குற்றத்தடுப்பு. அந்த ஆசிரியரின் திறனை மதிப்பிடும் அளவுகோல், அவருடைய மாணவர்கள் எவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள் என்பதிலிருந்து எத்தனை பேர் சிறைக்குப் போகவில்லை என்பதற்கு மாறிவிடுகிறது. எந்தப் பேராசிரியரின் பதவி உயர்வுக்கும் இந்த அளவுகோலைப் பயன்படுத்தியதாகச் செய்தி இல்லை.

இவ்வளவு சொன்னபின், ஆடுகளத்தைப் புனிதமாக்குவதும் நேர்மையன்று. வட்டங்கள் மாலையில் பூங்காக்களிலும் சந்துகளிலும் கூடுகின்றன. இருட்டிய பின் பூங்காவில் நிற்கப் பையன்களுக்கு இருக்கும் இசைவு பெண்பிள்ளைகளுக்கு இல்லை. சிண்டி கேம்பெல் தொடங்கிவைத்த ஒன்றில் பெண்பிள்ளைகள் எண்ணிச் சொல்லக்கூடிய அளவில் நிற்பதற்கு ஆடுகிறவர்களும் விடைசொல்ல வேண்டும். ஹிப்-ஹாப்பின் ஐந்தாம் கூறு 'அறிவு' என்று அறிவித்த ஆஃப்ரிகா பாம்பாட்டாமீது 2016இல் பலர் சிறார் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளைப் பகிரங்கமாக முன்வைத்தார்கள், அவர் மறுத்தார். அவர் பெயரை நிறுவனர் வரிசையில் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். குருபக்தியைக் கேள்விக்குட்படுத்தும் பழக்கம் இல்லாத இடத்தில் சிறார்கள் பாதுகாப்பாக இருப்பதில்லை. இது நடனத்துக்கும் பொருந்தும், முனைவர் பட்ட நெறியாளர்களுக்கும் பொருந்தும்.

ஹிப்-ஹாப்பைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தால் போதும் என்று நினைக்கும் நல்லெண்ணக்காரர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. சதிர், பரதநாட்டியமானது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி முறையைத் தடைசெய்தது. கலை நிறுவனத்துக்குள் வந்தது. அதைத் தலைமுறைகளாகச் சுமந்த குடும்பத்துப் பெண்கள் வெளியே நின்றார்கள். அவர்களுடைய நினைவில் எஞ்சியவற்றைப் பிற்காலத்தில் தவேஷ் சோனேஜி போன்ற ஆய்வாளர்கள் தேடிப் போக வேண்டியதாயிற்று. இன்று அப்பெண்களின் பேத்திகளும் 'தகவலாளிகள்'தாம். பாடத்திட்டத்துக்குள் கலை வருவதும் கலைஞர் வருவதும் ஒன்றல்ல என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேவையில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று தப்பிக்கவும் முடியாது. 2022இல் மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' பதவிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. முறையான பட்டம் கட்டாயமில்லை. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை இவ்வாறு நியமிக்கலாம். பொருந்தும் துறைகளின் பட்டியலில் மேலாண்மை, தணிக்கை, ஆயுதப்படை ஆகியவற்றோடு நுண்கலையும் இருக்கிறது. ஓய்வுபெற்ற நிறுவன மேலாளரை அழைக்கும்போது இந்த விதி துணைவேந்தர்களின் நினைவுக்கு வருகிறது. பதினைந்து ஆண்டு சிமெண்டுத் தரையில் கற்பித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவரை அழைக்கும் நாளில் மறந்துபோகிறது.

பேராசிரியர் பதவி வேண்டாம், குறைந்த அளவிலேயே தொடங்கட்டும். 2019இல் மானியக் குழு கௌரவ விரிவுரையாளருக்கு நிர்ணயித்த ஊதியம் ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். அடுத்த பருவத்தில் நிகழ்த்துகலை பற்றியோ நகர்ப்புற இளையோர் மொழி பற்றியோ பாடம் வைக்கும் துறை எதுவாயினும், அந்த நடன ஆசிரியரை மூன்று வாரம் அழைத்து, மாணவர்களைத் தரையில் இறக்கி, மணிக்கணக்குப் பார்த்து இந்தத் தொகையை வங்கிக்கணக்கில் செலுத்தட்டும். பாடத்திட்டத்தில் ஆசிரியர் பெயர் வரும் இடத்தில், அவர் ஈட்டிய பெயரிலேயே, அவர் பெயர் வரட்டும். பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் நடுவராக வருபவர்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.